அப்பா பாப்பரான வருஷம்

போன மாதம் எர்ணாகுளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரியின் தங்கைக்குக் கல்யாணம். எங்கள் ஊரில் தாலி கட்டுகிற நேரத்தில் பாதிக் கூட்டம் சாப்பாட்டு ஹாலின் கதவருகே நிற்கும். கதவு திறந்ததும் நடக்கிற ஓட்டத்தில் முதல் பந்தியில் இடம் பிடிக்க ஒரு சாமர்த்தியம் வேண்டும். எனக்கு அது கிடையாது. இரண்டாம் பந்திக்காக ஓரமாக உட்கார்ந்திருந்தபோது ஜிமிக்கியின் திருகு கழன்று விழுந்தது. குனிந்து தேடினேன். திருகு கிடைக்கவில்லை. நான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் அடியில் பச்சைப் பெயின்டில் எழுதிய 'ரா' என்ற எழுத்துதான் கிடைத்தது.

தமிழ் 'ரா'. எர்ணாகுளத்துக் கல்யாண மண்டபத்தில் நாற்காலிக்கு அடியில் தமிழில் எழுதி வைக்கிற ஆள் எங்கள் அப்பாவைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்? உடனே நான் செய்த காரியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அந்த நாற்காலியை மோந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் தன் பிள்ளையைத் தூக்கி அந்தப் பக்கமாக உட்கார வைத்துக்கொண்டார். நாற்காலியில் ஒரு வாசனையும் இல்லை.

அதில் மிளகு வாசனை இருந்திருக்க வேண்டும். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், ஒரு காலத்தில் மிளகும் சுக்கும் அடைத்து வைத்திருந்த பழைய கிடங்கு ஒன்றின் பின்பாதியில்தான் எங்கள் கடை. 'ராஜம் ஹயர் கூட்ஸ்' என்று போர்டு. கல்யாணமோ காதுகுத்தோ புது வீட்டுப் பால்காய்ச்சோ, நாற்காலி, மேஜை, ஜமக்காளம், அண்டா, பாயசம் காய்ச்சுகிற பெரிய வெண்கல வார்ப்பு எல்லாம் எங்களிடம் வாடகைக்குக் கிடைக்கும். மிளகு காலியாகி இருபது வருஷம் ஆகியும் அந்தச் சுவர்கள் மிளகை விடவில்லை. அங்கே எதை அடுக்கி வைத்தாலும் அதில் வாசனை ஏறிவிடும். தாலியைக் கையில் வாங்கிய நேரம் பார்த்து எங்கள் நாற்காலியில் இருந்த மாப்பிள்ளை தும்மிவிட்ட கதை ஒன்று உண்டு. பெண் வீட்டார் சகுனம் பார்க்கிறவர்கள். அன்றைக்கு அப்பா பாதி வாடகைதான் வாங்கினார்.

ராஜம் என்பது அம்மாவின் பெயர். நாற்காலியில் அதைத் தமிழில் எழுதியதற்குக் காரணம் மொழிப்பற்று என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய கல்யாணம் என்றால் மூன்று கடை நாற்காலி ஒரே பந்தலுக்குப் போகும். மற்றவர்கள் எல்லாம் மலையாளத்தில் எழுதியிருப்பார்கள். திரும்ப எடுக்கும்போது தகராறு வரும். தமிழ் 'ரா'வை யாரும் தன்னுடையது என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான். மூன்று தலைமுறையாகக் கொச்சிக்காரர்களாகிவிட்ட எங்களுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. பள்ளிக்கூடத்தில் நான் படித்தது மலையாளம். எனக்குத் தெரிந்த முதல் தமிழ் எழுத்து 'அ' இல்லை, 'ரா'தான். லீவு நாட்களில் அப்பா பெயின்ட் டப்பாவையும் பிரஷையும் கையில் கொடுத்து உட்கார வைத்துவிடுவார். மற்ற எழுத்துகளை ரொம்ப நாள் கழித்து, ஒரு பிடிவாதத்தில் படித்துக்கொண்டேன். பிழை இருந்தால் நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

"பொண்டாட்டி பேரை அறுநூறு பேரு உட்கார்ற இடத்துக்கு அடியில எழுதி வச்ச ஒரே மனுஷன் இவருதான்" என்று அம்மா சொல்லுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நன்றாகப் போகிறது என்பதால்தான் அப்பாவுக்கு ஆசை வந்தது. அலுமினியத் தூண் வைத்த, மழைக்கு ஒழுகாத பெரிய பந்தல் ஒன்று வாங்கினார். மெத்தை வைத்த நாற்காலி முன்னூறு. ஒரு டெம்போ. பாங்கில் கொஞ்சம், தனியார் பைனான்ஸ் ஒன்றில் கொஞ்சம், தெரிந்தவர்களிடம் வாய்வார்த்தையில் மீதி. பந்தல் வந்து இறங்கி, அதைக் கட்டிப் பார்த்து, நாங்கள் மூன்று பேரும் அதற்கடியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். அடுத்த மாதம் எல்லாரும் முகத்தில் துணி கட்டிக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டோம். கல்யாணத்துக்கு இருபது பேருக்கு மேல் கூடாது என்று உத்தரவு வந்தது. இருபது பேருக்கு எதற்கு வாடகை நாற்காலி? அவரவர் வீட்டிலேயே இருக்குமே.

ஊர் பழையபடி ஆனபோது வட்டி எங்களைத் தாண்டிப் போயிருந்தது. பைனான்ஸ்காரர்கள் அனுப்பிய இரண்டு பையன்கள் தினமும் காலையில் கடைக்கு வருவார்கள். எங்கள் நாற்காலியையே இழுத்துப் போட்டு உட்கார்ந்து எங்களையே மிரட்டுவார்கள். அப்பா அவர்களுக்கு சாயா சொல்லி அனுப்புவார். "வந்தவனுக்கு ஒரு சாயா குடுக்காம எப்படி?" என்பார். நான் வல்லார்பாடத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்த்தேன். கன்டெய்னருக்குள் என்ன சரக்கு இருக்கிறது என்று பட்டியல் டைப் செய்கிற வேலை. அந்த ஆபீஸ் போனுக்கும் அவர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். என் சம்பளம் வட்டிக்குப் போய்ச் சேர்ந்து, அசல் இருந்த இடத்திலேயே இருந்தது. இருபத்தாறு வயதில் எனக்குத் தலையில் நான்கு நரைமுடி வந்தது. அதை நான் கடன்கணக்கிலேயே எழுதி வைத்திருந்தேன்.

முதலில் வாயைத் திறந்தவள் அம்மா. "மஞ்சக் கடுதாசி குடுத்துடலாம்" என்றாள்.

மஞ்சள் கடுதாசி உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடனைக் கட்ட முடியவில்லை, இருப்பதை எடுத்துக்கொண்டு என்னை விட்டுவிடுங்கள் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுப்பது. எங்கள் ஊரில் அதற்குப் பாப்பராவது என்று பெயர். மட்டாஞ்சேரியில் ஒருவனைத் திட்ட வேண்டும் என்றால் அவனை விட்டுவிட்டு அவன் தாத்தாவைப் பாப்பர் என்று சொன்னால் போதும். அம்மா பாலக்காட்டுக்காரி. அவளுக்கு இந்த ஊர்க் கௌரவத்தின் மேல் அவ்வளவு மரியாதை கிடையாது. "கோர்ட்டு பணக்காரனுக்கு மட்டுமா? நமக்கும்தானே கட்டி வச்சிருக்கு" என்றாள். அப்பாவுக்கு அதில் சம்மதமில்லை. ஆனால் அம்மா தன் பாலக்காட்டுச் சொந்தத்தில் ஒரு வக்கீலைக் கண்டுபிடித்து, எர்ணாகுளத்தில் அவர் வீட்டு வாசலில் எங்களைக் கொண்டு நிறுத்திவிட்டாள்.

வக்கீல் மேடம் நல்ல மனுஷி. நன்றாகத் தமிழ் பேசுவார். எங்கள் பேப்பர்களை எல்லாம் பார்த்துவிட்டு, "மனு போட்டா இந்தப் பைனான்ஸ் தொல்லை நின்னுடும். சாமானெல்லாம் போயிடும். அதுக்குத் தயாரா இருந்தா வாங்க" என்றார். என்ன சாமான் இருக்கிறது, யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், ஒன்று விடாமல் லிஸ்ட் வேண்டும் என்றார். "ஒருத்தர் பேரைக்கூட விடக்கூடாது. விட்டா நீங்க சத்தியம் பண்ணினது பொய்யாயிடும்." கடைசியாக, "மனு போடற வரைக்கும் வெளியில யார்கிட்டேயும் மூச்சு விடாதீங்க" என்றார். இதை அப்பாவைப் பார்த்து இரண்டு தடவை சொன்னார். ஆள் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்.

லிஸ்ட் டைப் செய்தது நான்தான். தொழில் அதுதானே. கன்டெய்னர் சரக்குக்குப் போடுகிற மாதிரியே கட்டம் போட்டு, நாற்காலி இத்தனை, அதில் கால் உடைந்தது இத்தனை, வார்ப்பு சிறியது, பெரியது என்று அழகாகச் செய்தேன். எனக்கே பார்க்கப் பெருமையாக இருந்தது. மேடம் அதை வாங்கி மனுவின் மாதிரி ஒன்றைத் தயார் செய்து அனுப்பினார். மஞ்சளாக இருக்கும் என்று நினைத்தேன். சாதாரண வெள்ளைத் தாள்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முதலில் மனுதாரர் என்று அவர் பெயர். கீழே எதிர்க்கட்சிகள் என்று பதினொரு பெயர். ஒன்று பாங்க், இரண்டு பைனான்ஸ். மூன்றாவது பலசரக்குக் கடை பிரபு. நான்காவது அப்பாவின் கூட்டாளி ஹம்சா இக்கா. அதற்குக் கீழே பந்தல் துணி தைத்தவர், டெம்போ ஒர்க் ஷாப்காரர், கிடங்கு உரிமையாளர் என்று மட்டாஞ்சேரி வரிசையாக நின்றது.

"எதிர்க்கட்சியா? பிரபு எனக்கு எப்ப எதிரானான்?" என்றார்.

"கோர்ட்டுல அப்படித்தான்பா எழுதுவாங்க. கடன் குடுத்தவங்க எல்லாம் அந்தப் பக்கம்" என்றேன்.

அப்பா தாளை மடித்து வைத்தார். "இது பேப்பர்ல வருமில்லையா?" என்று கேட்டார். வரும் என்றேன். "அவங்க பேப்பர் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டா மரியாதையா இருக்காது. வீடு வீடா நேர்ல போய்ச் சொல்லணும். சொன்னப்புறம்தான் போடறதா வேண்டாமான்னு நான் முடிவு பண்ணுவேன்" என்றார்.

மேடம் சொன்னதை நான் ஞாபகப்படுத்தினேன். அம்மா ஞாபகப்படுத்தினாள். முப்பது வருஷமாகக் கல்யாணக்காரர்களோடு பழகிய மனிதருக்கு, நேரில் போய்ச் சொல்லாமல் ஒரு காரியத்தைச் செய்யலாம் என்று யார் புரிய வைப்பது? பாங்கும் பைனான்ஸும் போக ஒன்பது வீடு. ஒரு வாரம், சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கிளம்புவது என்று ஏற்பாடு.

இதில் அம்மா ஒரு வேலை செய்தாள். "கசங்கின புடவையோட போனா பிச்சை கேக்க வந்த மாதிரி இருக்கும்" என்று நல்ல கரை போட்ட பட்டுப்புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டாள். அப்பா ஜரிகைக் கரை போட்ட கசவு வேட்டி. தர வேண்டிய தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்ட நீளக் கவர்கள் ஒன்பதையும் கையில் அடுக்கிக்கொண்டு நான். புருஷனும் பொண்டாட்டியும் பட்டு உடுத்தி, கல்யாண வயதில் ஒரு பெண்ணையும் கவர்க்கட்டையும் வைத்துக்கொண்டு சாயங்காலம் படி ஏறினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

முதல் வீடு பிரபு வீடு. கொங்கணிக் குடும்பம். எங்கள் கல்யாணச் சமையலுக்கு எல்லாம் அவர் கடைச் சாமான்தான். அவர் மனைவி எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து உள்ளே ஓடினார். தட்டு நிறைய லட்டு வந்தது. "மோள்டெ கல்யாணமாணல்லே? செக்கன் எவிடெயா?" என்று கேட்டு, மகளுக்குக் கல்யாணம்தானே, மாப்பிள்ளை எந்த ஊர் என்பதற்குப் பதில் வருவதற்குள் என் கன்னத்தைக் கிள்ளியும் விட்டார். அப்பா அதற்குள் ஒரு லட்டை வாயில் போட்டிருந்தார். வாயில் இனிப்பை வைத்துக்கொண்டு எப்படிப் பாப்பர் கதையைச் சொல்வது? மென்று முடித்தார். தண்ணீர் குடித்தார். மழை பற்றிப் பேசினார். பிரபு கவருக்காகக் கை நீட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் அம்மாதான் சொன்னாள். பிரபு கவரைப் பிரித்துத் தொகையைப் பார்த்து, "செரி" என்று மட்டும் சொன்னார். அவர் மனைவி லட்டுத் தட்டை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றார்.

இரண்டாவது வீட்டிலிருந்து நான் உஷாராகிவிட்டேன். கதவு திறந்த உடனேயே, "கல்யாணம் இல்லை, வேற விஷயம்" என்று சொல்லிவிடுவேன். அப்படியும் பந்தல் துணி தைக்கிறவர் வீட்டில் எனக்குக் குங்குமம் வைத்துவிட்டார்கள். ஒரே வாரத்தில் ஒன்பது வீட்டில் நிச்சயமாகி, ஒன்பது வீட்டிலும் முறிந்த கல்யாணம் மட்டாஞ்சேரியில் என்னுடையதாகத்தான் இருக்கும்.

அப்பாவின் மரியாதைக்கு உடனே பலன் கிடைத்தது. பிரபு வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் காலை, அவர் கடை ஆட்கள் வந்து நான்கு பெரிய வார்ப்புகளை உருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா தடுக்கவில்லை. தூக்குவதற்கு ஒரு கை கொடுத்ததாகக்கூடக் கேள்வி. நான் மேடத்துக்குப் போன் செய்தேன். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "ஒருத்தருக்கு மட்டும் குடுத்தா மத்தவங்களை ஏமாத்தினதா ஆகும். கோர்ட்டுல மாட்டிப்பீங்க. இன்னிக்கே போய்த் திரும்ப வாங்குங்க" என்றார்.

கடன்காரனிடம் போய், நீ எடுத்ததைத் திருப்பிக் கொடு என்று கேட்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்பாவும் நானும் போனோம். பிரபுவுக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். "சேட்டன் வந்து சொன்னதுகொண்டல்லே நான் எடுத்தது. சொல்லாம இருந்தா நான் எடுத்திருக்கவே மாட்டேன்" என்றார். அது நியாயம்தான். மூன்று வார்ப்புகள் அப்போதே வந்தன. நான்காவதில் அவர் வீட்டில் ஏதோ பூஜைக்குப் பாயசம் கொதித்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் அதுவும் வந்தது, அடியில் இரண்டு படி பாயசத்தோடு. கடனாளிக்கும் கடன்காரனுக்கும் நடுவில் பாயசம் போன வழக்கு வேறு எங்கேயும் நடந்திருக்காது. அந்தப் பாயசத்தைப் பற்றி மேடத்திடம் சொல்லலாமா வேண்டாமா என்று நாங்கள் ஒரு நாள் முழுக்க யோசித்தோம். சொல்லவில்லை.

கடைசி வீடு ஹம்சா இக்காவுடையது. வீடு இல்லை, கடை. கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடை. இக்கா என்றால் அண்ணன். ஊரில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அப்பாவுக்கு அவர் சின்ன வயதிலிருந்து கூட்டாளி. எங்கள் பந்தலுக்கு முதல் கயிறு அவர் கொடுத்தது. புதுப் பந்தல் வாங்க ஒரு துண்டுச் சீட்டு இல்லாமல் மூன்று லட்சம் எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். தார் நெடியும் கயிற்று நாரின் நெடியும் கலந்து அந்தக் கடைக்குள் போனாலே எனக்குத் தொண்டை கரகரக்கும். அப்பா அங்கே ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஒரு தயக்கமும் இல்லாமல் விஷயத்தைச் சொன்னார்.

இக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போடு. நல்லதுதான். ஆனா என்டெ பேரு எழுதண்டா" என்றார்.

"எழுதித்தான் ஆகணும். விட்டா பொய்ச் சத்தியமாயிடும்."

"எனக்கும் உனக்கும் நடுவுல பேப்பர் ஒண்ணும் இல்லையே. கோர்ட்டுக்கு எங்ஙனே தெரியும்?"

"எனக்குத் தெரியுமே" என்றார் அப்பா.

இக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ எழுதினா எனக்கு நோட்டீஸ் வரும். நான் அங்க வந்து உனக்கு எதிர்ல நிக்கணும். அறுபது வயசுல என்னை உனக்கு எதிரியாக்கிக் காட்டணுமா ஊருக்கு?" என்று கேட்டுவிட்டு, கவரைப் பிரிக்காமல் எங்கள் பக்கமாகத் தள்ளினார். அப்பா அதை எடுக்கவில்லை. கயிற்றுக் கட்டின் மேல் அந்தக் கவரை விட்டுவிட்டு நாங்கள் வந்துவிட்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் கப்பைக் கிழங்கும் மத்தி மீன் குழம்பும். நல்ல சாப்பாடு அமைகிற நாளில்தான் எங்கள் வீட்டில் பெரிய பேச்சு நடக்கும். அப்பா கப்பையைப் பிசைந்தபடியே, "வேண்டாம். எப்படியாவது கட்டிடலாம். ஹம்சாவைக் கோர்ட்டுக்கு இழுத்து ஒரு நிம்மதி எனக்கு வேண்டாம்" என்றார்.

அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "நாம யாருக்கும் தர மாட்டோம்னு சொல்லலை. முடியலைன்னு சொல்றோம். ரெண்டும் ஒண்ணா? பத்து வருஷம் வட்டி கட்டினாலும் ஹம்சா இக்காவுக்கு ஒரு பைசா போய்ச் சேராது. எல்லாம் அந்தப் பையன்களுக்குத்தான் போகும்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் சொல்வதைத்தான் கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. எனக்குக் கோபம் இருந்தது. என் சம்பளம், என் நரைமுடி, ஆபீஸ் போனில் எவனோ ஒருவன் என் அப்பாவைத் திட்டுவதைக் கேட்டுவிட்டு மேலதிகாரியைப் பார்த்துச் சிரிக்க வேண்டியிருந்த நாட்கள், எல்லாம் இருந்தன. "போடுங்கப்பா. இக்கா பேரையும் எழுதுங்க" என்றேன். அப்பா தலையாட்டினார். மீனில் முள் எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டு, மீனையும் சாப்பிடாமல் எழுந்து போனார்.

கோர்ட்டு நாளன்று அம்மா வரவில்லை. கோர்ட்டு நமக்கும்தான் கட்டியிருக்கிறது என்று சொன்ன அதே அம்மா, படி ஏறக் கால் வராது என்று சொல்லிவிட்டாள். நானும் அப்பாவும் போனோம். வராந்தாவில் வெள்ளைச் சட்டையோடு ஹம்சா இக்கா நின்றுகொண்டிருந்தார். நோட்டீஸைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். நாங்கள் மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அப்பாவும் இக்காவும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் இக்கா கொண்டுவந்திருந்த வாழைக்காய் வறுவல் பொட்டலம் இரண்டு பேருக்கும் நடுவில் போய்ப் போய் வந்தது.

எங்கள் வழக்கைக் கூப்பிட்டு முடிக்க நான்கைந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. பைனான்ஸ் வக்கீல் ஏதோ ஆட்சேபம் சொன்னார். எதிர்க்கட்சி நான்கு என்று கூப்பிட்டார்கள். இக்கா போய் நேராக அப்பாவின் பக்கத்தில் நின்றார். ஊழியர் ஒருவர் அவரைத் தோளைப் பிடித்து மறுபக்கம் நகர்த்தி, "எதிர்க்கட்சி இவிடெ" என்றார். "எனக்கு அவன்டெ பக்கத்துல நிக்கப் பாடில்லே?" என்று, நிற்கக் கூடாதா என்கிற வருத்தத்தோடு இக்கா கேட்டார். கோர்ட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஆட்சேபம் உண்டா என்று கேட்டதற்கு, இல்லை என்று தலையை மட்டும் அசைத்தார். மேடம் என்னைப் பார்த்து, நல்லபடியாக முடியும் என்று கண்ணைக் காட்டினார். எனக்கு உடம்பே லேசானது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்குப் பசித்தது.

திரும்புகிறபோது எர்ணாகுளம் படகு ஜெட்டியில் நல்ல கூட்டம். போட்டுக்கு டிக்கெட் எடுக்க அப்போது பெண்களுக்குத் தனி வரிசை. அது எப்போதும் சின்னதாக இருக்கும். அதனால் ஆண்கள், கூட வருகிற பெண்களிடம் காசைக் கொடுத்து எல்லாருக்கும் சேர்த்து எடுக்கச் சொல்லுவார்கள். தெரியாத பெண்ணிடம்கூட, "பெங்ஙளே, ஒண்ணு" என்று தங்கச்சி முறை வைத்து நீட்டுவார்கள். நான் வரிசையில் நின்றேன். கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு கைகள் நீண்டன. ஒன்றில் அப்பாவின் இருபது ரூபாய். இன்னொன்றில் ஹம்சா இக்காவின் இருபது ரூபாய்.

அப்பா இருக்கிற இடத்தில் வேறு யாரும் காசு எடுத்து நான் பார்த்ததில்லை. சாயாக்கடை, பஸ், போட்டு எதுவானாலும் மற்றவர்கள் பையைத் தடவுவதற்குள் அவர் கொடுத்து முடித்திருப்பார். பாதிக் கடன் அப்படித்தான் வந்தது என்று அம்மா சொல்லுவாள். எனக்குப் பின்னால் நின்ற பெண் அவசரப்பட்டாள். டிக்கெட் கொடுக்கிறவர் எத்தனை என்று கேட்டார். இப்போதுதானே கையில் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறோம், இன்னும் எதற்கு இந்த வீம்பு என்று எனக்குத் தோன்றியது. இப்போது எழுதுவதற்காகச் சொல்லவில்லை, அப்படியேதான் தோன்றியது. நான் இக்காவின் காசை வாங்கினேன்.

அப்பாவின் கை அங்கேயே இருந்தது. நான் டிக்கெட்டையும் மீதிச் சில்லறையையும் வாங்கித் திரும்பும்வரை இருந்தது. பிறகு அவர் அந்த நோட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். போட்டில் இக்கா வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தார். கோர்ட்டு ஊழியர் தன்னைத் தள்ளியதை நடித்துக் காட்டிச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார்.

இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. நாற்காலியும் பந்தலும் ஏலத்தில் போய் ஊர் முழுக்கப் பரவிவிட்டன. பைனான்ஸ் பையன்கள் வருவதில்லை. அவர்களில் ஒருவன் வழியில் பார்த்தால் சேட்டா என்று கூப்பிட்டுப் பேசுகிறான். அப்பா ஒரு கல்யாண மண்டபத்தில் மேற்பார்வை பார்க்கிறார். பிரபு கடையில் இப்போது ரொக்கத்துக்குத்தான் சாமான் வாங்குகிறோம், ஆனால் பழைய மரியாதையோடு வாங்குகிறோம். ஹம்சா இக்கா வாரம் ஒரு தடவை வந்து அம்மாவின் கையால் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். ஒன்பது வீட்டில் முறிந்த என் கல்யாணமும் பத்தாவதாக ஒரு வீட்டில் நடந்து முடிந்தது.

ஆனால் அந்த ஜெட்டிக்குப் பிறகு அப்பா யாருக்கும் முந்திக் காசு எடுத்து நான் பார்க்கவில்லை. சாயாக்கடையில் காசு கொடுக்கிற நேரத்தில் கை கழுவப் போயிருப்பார். இல்லை, போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். சம்பளம் வருகிறது, பையில் பணம் இருக்கிறது, ஆனாலும் அப்படித்தான். அன்றைக்கு ஆறு ரூபாய் டிக்கெட்டுக்கு அவர் காசை வாங்கியிருக்கலாம். எத்தனையோ தடவை நினைத்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவரோடு எர்ணாகுளத்துக்குக் கிளம்பினேன். மட்டாஞ்சேரியிலிருந்தே இப்போது வாட்டர் மெட்ரோ போகிறது. பெண்களுக்குத் தனி வரிசை, கம்பி வழியாக நீளும் கைகள் ஒன்றும் கிடையாது. கார்டைத் தட்டினால் கதவு திறக்கும். என் கார்டை அவருக்காக ஒரு தடவை தட்டினேன். எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லை. அப்பா உள்ளே போய் நின்று, எனக்காகக் காத்திருந்து, "தேங்க்ஸ்மா" என்றார்.